கொலையாளி தப்பித்துப் போவது கதையின் குறை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்த வரலாற்றுத் துப்பறியும் சிறுகதைப் போட்டி அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அதிலும் இந்த முறை கதைக்களம் ஏதாவது ஒரு உள்நாட்டுப் போர் முடிந்த பிறகான காலமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள், தமிழில் இப்படி ஒரு போட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் விதிகளில் ஒரு வரி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "கதை முடிவதற்குள் குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டு, தண்டிக்கப்பட வேண்டும்" என்று போட்டிருக்கிறீர்கள். அதே பக்கத்தில் இருந்த கட்டுரையும் கொலையாளி யாரென்று தெரிந்தும் அவன் தப்பிப்போகிற கதைகள் வாசகரை ஏமாற்றுகின்றன என்று குறைபட்டுக்கொள்கிறது. சாதாரண துப்பறியும் கதைக்கு இது சரியாக இருக்கலாம். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிற களத்துக்கு இது பொருந்தாது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பறியும் கதை சில விஷயங்களைச் சொல்லாமலேயே நம்பிக்கொண்டு ஓடுகிறது. பிணம் என்று ஒன்று இருக்கும், பார்த்தவர் பயந்தாலும் கடைசியில் வாயைத் திறப்பார், கொலை என்றால் எல்லாருக்கும் கொலைதான், துப்பறிகிறவர் கையில் விலங்கோடு வந்தால் அவருக்குப் பின்னால் ஒரு நீதிமன்றம் நிற்கும். வெளிநாட்டோடு போர் நடந்து முடிந்தால்கூட இதெல்லாம் ஓரளவுக்கு மிஞ்சும், ஏனென்றால் எதிரி அவன் ஊருக்குத் திரும்பிப் போயிருப்பான். உள்நாட்டுப் போர் முடிந்தால் எதிரி எங்கேயும் போவதில்லை. அடுத்த வீட்டில் இருக்கிறான், அதே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறான், சில சமயம் உங்கள் அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன்தான் இப்போது ஊர்ப் பத்திரங்களைப் பதிவு செய்கிற மேசையில் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம், எது குற்றம் எது கடமை என்று தீர்மானிக்கிற சட்டத்தை வென்றவர்களே புதிதாக எழுதிக்கொள்கிறார்கள், அல்லது இரண்டு தரப்பும் களைத்துப்போய் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம் என்று கையெழுத்துப் போட்டுக்கொள்கின்றன.

இது இன்று நேற்று வந்ததில்லை. எனக்குத் தெரிந்து இந்த வகைக் கதையின் முதல் வடிவம் ஏதென்ஸில், கிமு 403இல் இருக்கிறது, அதுவும் கற்பனைக் கதையாக இல்லை, நீதிமன்றத்தில் பேசப்பட்ட உரையாக. ஸ்பார்ட்டாவிடம் தோற்ற ஏதென்ஸை முப்பது பேர் கொண்ட ஒரு கும்பல் ஆண்டது. எட்டு மாதம் போலத்தான், அதற்குள் 1,500 பேரைக் கொன்றுவிட்டார்கள் என்று பழைய கணக்கு சொல்கிறது. அந்த நகரத்தில் லிசியாஸ் என்று ஒருவர் இருந்தார், வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கேடயம் செய்கிற பட்டறை வைத்திருந்தார்கள். முப்பது பேருக்குப் பணம் வேண்டியிருந்தது, பணக்காரக் குடியேறிகள் மேல் சதிப்பழி போட்டால் சொத்தை எடுத்துக்கொள்ளலாம். லிசியாஸ் வீட்டில் விருந்தாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிடித்தார்கள். லஞ்சம் கொடுத்துப் பார்த்தார், அதுவும் சரிப்படாமல் போய், அடைத்து வைத்த வீட்டின் பின்கதவு வழியாக ஓடித் தப்பித்தார். அவருடைய அண்ணன் பொலேமார்க்கஸ் தப்பவில்லை. எரட்டோஸ்தனீஸ் என்கிற ஆட்சியாளர் அவரைத் தெருவில் வைத்துப் பிடித்துச் சிறைக்குக் கொண்டுபோனார், என்ன குற்றம் என்றுகூடச் சொல்லாமல் நஞ்சைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள்.

இதற்குப் பிறகு லிசியாஸ் சொல்கிற சின்னச் சின்ன விவரங்களைப் பாருங்கள், எந்தத் துப்பறியும் எழுத்தாளரும் பொறாமைப்பட வேண்டியவை. குடும்பத்துக்கு மூன்று வீடுகள் இருந்தும் எதிலிருந்தும் பிணத்தை எடுக்க விடவில்லை, ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்து அதில் கிடத்தினார்கள். வீட்டில் துணிமணி எவ்வளவோ இருந்தும் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை, நண்பர்கள்தான் ஒருவர் போர்வை, ஒருவர் தலையணை என்று கொண்டுவந்தார்கள். 700 கேடயங்களையும் 120 அடிமைகளையும் பொன்னையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்ட பிறகும் போதாமல், பொலேமார்க்கஸின் மனைவி காதில் கிடந்த தங்கத் தோட்டை அந்தக் கும்பலில் ஒருவன் பிடுங்கிக்கொண்டான். அந்தத் தோடு ஒன்று போதும், அரசியல் காரணம் என்று அவர்கள் சொன்னது என்ன, நிஜக் காரணம் என்ன என்று காட்டிவிடுகிறது.

சரி, முப்பது பேரும் விரட்டப்பட்டார்கள், மக்களாட்சி திரும்பியது. உடனே ஏதென்ஸ் என்ன செய்தது தெரியுமா? பழைய தீங்குகளை இனி நினைவில் வைத்துப் பழிதீர்ப்பதில்லை என்று ஊரே சத்தியம் செய்துகொண்டது. அந்த முப்பது பேருக்கும் இன்னும் சில அதிகாரிகளுக்கும் மட்டும் இந்த மன்னிப்பு இல்லை, அவர்களும் தங்கள் பதவிக்காலத்துக்குக் கணக்குக் காட்ட முன்வந்தால் ஊரில் இருக்கலாம். எரட்டோஸ்தனீஸ் ஓடிப்போகாமல் ஊரிலேயே இருந்தார். நான் பயந்துபோய்த்தான் அப்படிச் செய்தேன், உத்தரவை மீற முடியவில்லை என்பது அவருடைய வாதம். லிசியாஸ் எழுந்து நின்று, நீ அந்த உத்தரவுக்கு எதிராகப் பேசினேன் என்கிறாய், பிறகு தெருவில் பார்த்தவனைப் பார்க்கவில்லை என்று சொல்லி விட்டிருக்கலாமே, ஏன் பிடித்தாய் என்று குறுக்கு விசாரணை செய்கிறார். கொலையாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. உரை முழுசாகக் கிடைத்திருக்கிறது. தீர்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. 2,400 ஆண்டுகளாக அது இல்லாமலேயே உலகம் இதைப் படித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் போட்டி விதிப்படி பார்த்தால் லிசியாஸை முதல் சுற்றிலேயே நிராகரிக்க வேண்டும்.

இங்கிலாந்துக்கு வருவோம். 1642இல் தொடங்கி 1651 வரை மன்னர் தரப்பும் நாடாளுமன்றத் தரப்பும் மோதிக்கொண்ட நாடு. நடுவில் 1649 ஜனவரி 30 அன்று மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். 1660இல் அவர் மகன் திரும்பி வந்து அரியணை ஏறினார், அந்த ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே மன்னிப்பும் மறதியும் சேர்ந்து இருக்கிறது. போர்க்காலத்தில் நடந்தவற்றில் பெரும்பகுதியை மன்னித்தார்கள், மன்னரின் சாவில் நேரடியாகப் பங்குகொண்டவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. அதோடு நிற்கவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு யாராவது யாரையாவது பழைய சண்டையை நினைவூட்டும்படி வேண்டுமென்றே இழித்துப் பேசினால் அபராதம், கனவான் அந்தஸ்தில் இருப்பவர் என்றால் 10 பவுண்டு, அதற்குக் கீழே என்றால் 40 ஷில்லிங். இந்தச் சட்டம் அமலில் இருக்கிற ஒரு ஊரில் துப்பறிகிறவர் ஒரு கதவைத் தட்டி, "1645இல் உங்கள் மைத்துனர் எந்தப் பக்கம் நின்றார்?" என்று கேட்பதாக எழுதிப் பாருங்கள். கேள்வியே வம்பில் கொண்டுபோய் விடலாம். பதில் சொல்கிறவர் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுத்தான் சொல்வார். இவ்வளவு நல்ல முட்டுக்கட்டையை எந்த எழுத்தாளராலும் தானாகக் கற்பனை செய்துவிட முடியாது, வரலாறு இலவசமாகக் கொடுக்கிறது.

அங்கேயே இன்னொரு நிஜ மர்மமும் கிடக்கிறது. சார்லஸின் தலையை வெட்டியவர் முகமூடி அணிந்திருந்தார். அவர் யார்? லண்டனின் வழக்கமான கொலைத்தண்டனைப் பணியாளர் ரிச்சர்ட் பிராண்டன்தான் என்று பலர் நம்பினார்கள், அவர் அதே 1649லேயே இறந்துபோனார். 1660 அக்டோபரில் வில்லியம் ஹ்யூலட் என்கிற ஒரு படைவீரரைப் பிடித்து நீதான் அந்த முகமூடி என்று வழக்கு நடத்தினார்கள், பிராண்டன் தானே செய்ததாகச் சொல்லியிருந்தார் என்று சாட்சிகள் வந்து சொன்ன பிறகும் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஆனால் அவரைத் தூக்கிலிடவில்லை. தீர்ப்புச் சொன்னவர்களுக்கே அந்தத் தீர்ப்பில் முழு நம்பிக்கை இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. முகமூடிக்குப் பின்னால் இருந்தது யாரென்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. தண்டனை என்று ஒன்று அறிவிக்கப்பட்டுவிட்டால் உண்மையும் கிடைத்துவிட்டது என்று நினைக்கிற பழக்கத்தை இந்த ஒரு வழக்கே கேள்வி கேட்கிறது.

அமெரிக்காவில் நடந்தது இதைவிட என்னைக் கலங்க வைத்தது. அங்கே போர் 1865இல் முடிந்தது, அடிமை முறை ஒழிந்தது. ஆனால் தென் மாநில நீதிமன்றங்களில் பல இடங்களில் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லவே முடியாத நிலை இருந்தது, 1866இல் குடிமக்கள் உரிமைச் சட்டம் வந்துதான் அந்த உரிமை எழுத்தில் கிடைத்தது. கண்ணால் பார்த்த நூறு பேர் இருந்தும் சாட்சியே இல்லாத கொலை! 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு, லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்கிற சிற்றூர். தேர்தல் முடிவு பற்றிய தகராறில் கறுப்பின மக்கள் ஊர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் அரண் அமைத்து நின்றார்கள், ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் அதற்குத் தீ வைத்தது, சரணடைந்தவர்களையும் பிடித்து வைத்துச் சுட்டது. எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன, சுமார் 60 என்பதிலிருந்து 150 வரை சொல்பவர்கள் உண்டு. சம்பந்தப்பட்டவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். கொலை மாநிலத்தின் கையில் இருக்கிற குற்றம் என்பதால் மத்திய வழக்கறிஞர்களால் அதை நேரடியாகக் கொலை வழக்காக நடத்த முடியவில்லை, குடிமக்களின் உரிமைகளைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்றுதான் குற்றம் சாட்ட முடிந்தது. தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் மேல் குற்றச்சாட்டு, கடைசியில் தண்டனை மூன்றே பேருக்கு, 1876இல் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்துவிட்டது. இந்த ஊரை வைத்து ஒருவர் கதை எழுதிக் கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் சிறைக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் என்ன? செத்தவர்களுக்கு இரண்டாவது முறையும் செய்கிற அநியாயம் என்றுதான் நான் சொல்வேன். நீதி கிடைத்தது என்று வாசகர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார், கிடைக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

பிணம் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமாகத் துப்பறியும் கதை பிணத்தில் தொடங்கும். போருக்குப் பிந்தைய கதைக்கு அந்த வசதி எப்போதும் கிடைக்காது, இல்லாத உடலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும். அமெரிக்கப் போரில் காயம்பட்டவர்களுக்குப் பணிசெய்த கிளாரா பார்ட்டன், போர் முடிந்ததும் வாஷிங்டனில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் காணாமல்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை நடத்தினார். பெயர்ப் பட்டியல்களை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பி, உங்களில் யாருக்காவது இவரைத் தெரியுமா என்று கேட்டார். 63,000க்கு மேற்பட்ட கடிதங்களுக்குப் பதில் எழுதி, 22,000க்கு மேற்பட்டவர்களுக்கு என்ன ஆனது என்று கண்டுபிடித்துச் சொன்னார். துப்பாக்கி இல்லை, பூதக்கண்ணாடி இல்லை, அஞ்சல்தான். அப்புறம் அந்த இடத்தையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். 1996இல் கட்டடத்தை இடிக்கப் போகும் சமயத்தில்தான் அவருடைய பெயர்ப்பலகையும் காகிதங்களும் மேல்மாடியில் கிடப்பதை ஒருவர் கண்டார். இவரைப் போன்ற ஒருவரை நாயகியாக வைத்துத் தமிழில் ஒரு தொடரே எழுதலாம்.

இதற்கு நேர் எதிராக, செத்துப்போனதாக நினைக்கப்பட்டவர் உயிரோடு இருந்த கதைகளும் உண்டு. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் அரசுக்கு எதிராகக் கிளம்பிய தளபதி பிராங்கோ 1939 ஏப்ரல் 1 அன்று வென்றதாக அறிவித்தார், அதற்கு முன்பே பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டு 1934 அக்டோபர் முதல் எதிர்த் தரப்பில் இருந்ததையே முன்தேதியிட்டுக் குற்றமாக்கிவிட்டார். அந்தச் சட்டப்படி செத்தவர் மேலும் வழக்கு நடத்தி வாரிசுகளிடம் அபராதம் வாங்கலாம். மிஹாஸ் என்கிற ஊரின் முன்னாள் மேயர் மானுவல் கோர்ட்டெஸ் போர் முடிந்ததும் இரவில் வீடு திரும்பி, சுவருக்குள் ஒரு பொந்தில் ஒளிந்தார். வீடு மாறியது, ஒளிவிடம் மாறியது, வெளியே மட்டும் வரவில்லை. போர்க்காலக் குற்றங்களுக்குக் காலம் கடந்துவிட்டது என்று 1969இல் அரசு ஆணை போட்ட பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தார். முப்பது ஆண்டுகள். ஒரு சின்ன ஊரில், அக்கம்பக்கம் எல்லாம் கண்ணாக இருக்கிற தெருவில், மனைவியும் மகளும் அந்த ரகசியத்தை முப்பது ஆண்டுகள் காப்பாற்றியிருக்கிறார்கள். கடையில் ஓர் ஆளுக்குக் கூடுதலாகச் சாமான் வாங்கினால்கூட யாராவது கவனிப்பார்களே என்று யோசித்துக்கொண்டு வாழ்ந்த ஒரு பெண்ணைவிடக் கெட்டிக்காரத் துப்பறிவாளர் எந்தக் கதையில் வருகிறார்?

இதையெல்லாம் தமிழ் வாசகருக்குச் சொல்லும்போது ஈழத்தை விட்டுவிட்டுப் போக முடியாது, போட்டிக்கு வருகிற கதைகளில் பாதி அங்கிருந்துதான் வரும், வர வேண்டும். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அங்கே பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிற அம்மாக்கள் பயன்படுத்துகிற ஒரு சொல்லைக் கவனித்துப் பாருங்கள். காணாமல் போனவர்கள் என்று அவர்கள் சொல்வதில்லை, காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்கிறார்கள். போனார் என்றால் தானாகப் போனதாக ஆகிவிடும். ஆக்கப்பட்டார் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும், அவர் பெயர் மட்டும்தான் வாக்கியத்தில் இல்லை. துப்பறியும் கதையின் மொத்தக் கேள்வியும் அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்கிறது.

2010இல் அங்கே வந்த ஒரு சட்டம், ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லாதவரை இறந்தவராகப் பதிவு செய்ய வழி கொடுத்தது. மரணச் சான்றிதழ் வாங்கினால் காணி, வங்கிக் கணக்கு, உதவித்தொகை என்று பல கதவுகள் திறக்கும், ஆனால் வாங்குகிற தாய் தன் கையாலேயே மகன் செத்துவிட்டான் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பலர் மறுத்தார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் இங்கே இல்லை என்று மட்டும் சொல்கிற இன்னொரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிற காட்சியை எழுதத் தெரிந்தவருக்குக் கத்தியும் ரத்தமும் தேவைப்படாது.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செம்மணியையும் நினைத்துப் பாருங்கள். 1998இல் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒரு படைவீரர், இன்னும் நூற்றுக்கணக்கானவர்களை அங்கே புதைத்திருக்கிறார்கள் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். அடுத்த ஆண்டு தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு அப்படியே நின்றுவிட்டது. 2025இல் அதே பகுதியில் மயானம் ஒன்றில் தோண்டத் தொடங்கியதும் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, அவற்றில் குழந்தைகளுடையவையும் உண்டு, ஒரு பள்ளிப் பையும் விளையாட்டுப் பொம்மையும் மண்ணோடு வந்தன. இந்தப் பையைப் பற்றி ஒருவர் கதை எழுதுகிறார் என்று வையுங்கள். உங்கள் விதி அவரைப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் ஒருவனைத் தூக்கில் போடு, அப்போதுதான் பரிசு என்கிறது. அவர் எப்படி எழுதுவார்? எழுதினால்தான் அந்தப் பைக்கு உரியவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பார்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் மழுப்பலான முடிவுகளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. யார் செய்தது என்பதை எழுத்தாளர் வாசகரிடம் சொல்லியே ஆக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. எல்லாருமே குற்றவாளிகள், போர்தான் கொலையாளி என்று கடைசியில் புகைமூட்டம் போட்டு முடிக்கிற கதைகளைப் படித்தால் எனக்கும் கோபம்தான் வரும். போர் யார் காதுத் தோட்டையும் பிடுங்கவில்லை, ஒரு ஆள் பிடுங்கினான், அவனுக்குப் பெயர் இருக்கிறது. கதை அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கட்டும். அதற்குப் பிறகு அந்தக் காலத்துச் சட்டம் அவனை என்ன செய்திருக்குமோ அதைத்தான் எழுத்தாளர் எழுத வேண்டும். மன்னித்திருக்கும் என்றால் மன்னித்தது என்று எழுதட்டும், பதவி உயர்வு கொடுத்திருக்கும் என்றால் அதையும் எழுதட்டும். கண்டுபிடித்தவர் மறுநாள் காலையில் அவனைச் சந்தையில் பார்க்கும்போது என்ன செய்கிறார் என்பதைப் படிக்கத்தான் நான் காத்திருக்கிறேன், ஏனென்றால் நிஜத்தில் லட்சக்கணக்கானவர்கள் செய்ய வேண்டியிருந்த காரியம் அதுதான்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் சின்னதுதான். "கண்டுபிடிக்கப்பட்டு" என்கிற சொல் இருக்கட்டும். "தண்டிக்கப்பட வேண்டும்" என்பதை மட்டும் விதியிலிருந்து எடுத்துவிடுங்கள். முடிந்தால் இன்னொரு வரியையும் சேருங்கள், எழுத்தாளர் தேர்ந்தெடுத்த நாட்டில் அந்த ஆண்டு எந்தப் பொதுமன்னிப்பு அல்லது தண்டனைச் சட்டம் அமலில் இருந்தது என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்று. கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஏற்கனவே எழுதி முடித்து, கொலையாளியைச் சிறைக்கு அனுப்ப மனம் வராமல் கதையை அனுப்பாமலேயே வைத்திருக்கிற யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால், திருத்தம் வரும்வரை கிழித்துப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்